முதல் செமஸ்டர் எடுக்கப் போகிறீர்களா? பாடத்தைக் குறையுங்கள்

பிஎச்டி முடித்த கையோடு கல்லூரியில் வகுப்பெடுக்க வருகிறவர்கள் சறுக்குவது பாடம் தெரியாமல் இல்லை. தெரிந்ததையெல்லாம் ஒரே வகுப்பில் கொட்டப் பார்த்துத்தான்.

50 நிமிட வகுப்பு என்று வையுங்கள். பிள்ளைகள் உட்கார, அட்டெண்டன்ஸ் எடுக்க, போன வகுப்பை நினைவூட்ட என்று பத்து நிமிடம் போய்விடும். மிச்சம் 40. அதில் புதிதாக இரண்டு கருத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எடுத்துக்காட்டு. அவ்வளவுதான் கொள்ளும். 45 ஸ்லைடோடு உள்ளே போனால் கடைசிப் பத்து நிமிடம் பட்டனைத் தட்டுவதிலேயே கழியும்.

புதுப் பேப்பர், அதாவது இதுவரை நீங்கள் எடுக்காத பாடம் என்றால் ஒரு மணி நேர வகுப்புக்கு மூன்று, நான்கு மணி நேரத் தயாரிப்பு வேண்டும். அதனால் ஒரே செமஸ்டரில் இரண்டு புதுப் பேப்பருக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். 'புதுசா வந்தவர்தானே' என்று மூன்றாவதும் தலையில் விழப் பார்க்கும். டைம்டேபிள் அச்சாகும் முன்பே பேசிவிடுங்கள், அப்புறம் யாரும் மாற்ற மாட்டார்கள்.

போர்டை யாரும் சொல்லித் தருவதில்லை. மூன்று பத்தியாக மனதில் பிரித்துக்கொண்டு இடது மேல் மூலையில் தொடங்குங்கள். வலது பத்தி நிரம்பிய பிறகே இடதுபக்கம் டஸ்டர் படலாம். எழுதி முடித்த சூட்டிலேயே அழித்தால் பாதி நோட்டில் பாதி வரிதான் இருக்கும். வகுப்பில்லாத நேரத்தில் நாலு வரி எழுதிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள். கீழ்வரி முன்னால் இருப்பவர்களின் தலைக்குப் பின்னால் போய்விடும் என்பது அங்கேதான் தெரியும். போர்டைப் பார்த்துக்கொண்டு பேசவே வேண்டாம். எழுதுங்கள், திரும்புங்கள், பிறகு சொல்லுங்கள்.

"புரிஞ்சுதா?" என்பது கேள்வியே அல்ல, எல்லாத் தலையும் ஆடும். "இந்த மதிப்பை இரட்டிப்பாக்கினால் விடை என்ன ஆகும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம். பள்ளி அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் ஏறக்குறைய ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று 1970களில் காட்டினார். மூன்று விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். கல்லூரியில் ஐந்து விநாடிகூடப் பொறுக்கலாம்.

தெரியாத கேள்வி வந்தால் மழுப்பாதீர்கள். 'பார்த்துச் சொல்கிறேன்' என்றால் அடுத்த வகுப்பின் முதல் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட வேண்டும்.

வினாத்தாள் போட்டதும் நீங்களே உட்கார்ந்து முழுசாக எழுதிப் பாருங்கள். 3 மணி நேரத் தாள் உங்களுக்கே ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அது நீளம். எழுதும்போதே எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று ஓரத்தில் குறித்துவிடுங்கள்; 10 மதிப்பெண்ணில் சூத்திரத்துக்கு 2, பிரதியிடலுக்கு 3 என்கிற மாதிரி. மதிப்பெண் கேட்டு வருகிறவரிடம் காட்ட அந்தத் தாள் கையில் இருக்கும்.

விடைத்தாளை ஆள் ஆளாகத் திருத்தாமல் கேள்வி கேள்வியாகத் திருத்துங்கள். 60 பேரின் முதல் கேள்வி முடிந்த பிறகே இரண்டாவது. ஒரு கேள்வி முடிந்ததும் கட்டைக் கலைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் இருப்பவர்களுக்கே எப்போதும் உங்கள் களைப்பு போய்ச் சேரும். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் திருத்திய ஐந்து தாளை மறுபடி எடுங்கள். அவற்றுக்குத்தான் கை இறுகியிருக்கும்.