ரீச்சருக்குச் சாறி, ஆயாம்மாவுக்கு ஒரு துண்டுக் கேக்

நேற்றிரவு பதினொரு மணி. வாடைக்காற்றுக்குக் கூரைத் தகரம் ஒரு பக்கம் அடிக்கிறது, போன் ஒரு பக்கம் அடிக்கிறது. எடுத்துப் பார்த்தால் மகனுடைய வகுப்புப் பெற்றோர் வட்ஸ்அப் குரூப். "ரீச்சருக்கு சாறி எடுக்கப் போறம். ஆளுக்கு 1000. வெள்ளிக்கு முதல் போட்டுட்டு ஸ்லிப்ப அனுப்புங்கோ." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு கைகள். என்ன கலர் என்று ஒருவர். போன வருசம் பக்கத்து வகுப்புக்காரர் குடுத்த சாறிக்குக் குறையாமல் எடுக்கவேணும், இல்லாட்டி மரியாதை இல்லை என்று இன்னொருவர். முப்பத்துநாலு பிள்ளைகள், 34,000 ரூபா. சாறி, கைப்பை, கேக், படம் அடித்த மக், அதிபருக்கும் ஒன்று.

நான் கும்பிடு போடவில்லை. போடாமல் விட்டது இன்றைக்குக் காலமையே ஒபிசில் கதையாகிவிட்டது. ஆளாளுக்குத் தனித்தனியாக விளக்கம் சொல்ல எனக்கு ஏலாது, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் ரீச்சர்மாருக்கு எதிரி இல்லை. ரீச்சர் பெத்த பிள்ளை நான். அம்மா திருகோணமலை ரவுணிலிருந்து கிண்ணியாப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பதினாறு வருசம் போய் வந்தவ. பஸ்ஸில் போய் இறங்கி, பாதையில் ஏறி, அக்கரையில் மறுபடி பஸ். (இப்போதைய பிள்ளைகளுக்குப் பாதை என்றால் றோட்டு. எங்களுக்கு அது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற மிதவை. 2009 இல் பாலம் திறக்கும் வரைக்கும் அதுதான் வழி. அந்த 396 மீற்றரை இப்போது ஓட்டோ ஒரு நிமிசத்தில் கடக்கிறது.) வருசக் கடைசியில் சில நாள் அம்மா மடியில் ஒரு தயிர்முட்டியை வைத்துப் பிடித்தபடி வந்து இறங்குவா. எருமைத் தயிர், வாழை இலை போட்டு மேலே நூலால் கட்டியது. ஏதோ ஒரு பிள்ளையின் உம்மா கொடுத்து விட்டிருப்பா. யாரும் யாரிடமும் காசு சேர்க்கவில்லை. எருமை வைத்திருந்தவர் தயிர் தந்தார், வாழை வைத்திருந்தவர் ஒரு சீப்பு தந்தார், ஒன்றும் இல்லாதவர் ஒன்றும் தரவில்லை. யார் தந்தது, யார் தராதது என்று எந்த அட்டையிலும் எழுதி ஒட்டவில்லை. அம்மாவும் அந்த முட்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டா. கழுவிக் காயவைத்து, உள்ளே ஒரு சுருள் சீனி வைத்துத்தான் போகும்.

பிறகு காலம் மாறி மணிக்கூடு வரத் தொடங்கியது. அம்மா ஓய்வு பெற்றபோது எங்கள் வீட்டில் ஒன்பது சுவர் மணிக்கூடு இருந்தது. சுவர் நாலுதான். கிளாஸ் செட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். என் கலியாணத்துக்கு வந்த ஒரு கிளாஸ் செட்டைப் பிரித்தால் பெட்டிக்குள் சின்ன அட்டை ஒன்று: "எங்கள் அன்பு ஆசிரியைக்கு, தரம் 7 மாணவர்கள்." எந்த ரீச்சர், எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை வீடு சுற்றி எங்களிடம் வந்தது, ஒன்றும் தெரியாது. நாங்கள் என்ன செய்தோம்? அட்டையை எடுத்துவிட்டு ஒரு குடிபூரலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அது இப்போது எங்கே சுற்றுகிறதோ.

இது சிரிக்கிற பகுதி. சிரிக்க முடியாதது இந்த ஆயிரம் ரூபா கேட்கப்படுகிற மாதம்.

திருகோணமலையில் மார்கழி எப்படிப்பட்ட மாதம் என்று குரூப்பில் கலர் பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா? கடல் அடித்துக்கொண்டு கிடக்கும். திருக்கடலூரில் வள்ளங்களை இழுத்து மேலே ஏற்றி வைத்திருப்பார்கள். நாலு நாள் போனால் மூன்று நாள் வெறுங்கை. தம்பலகாமத்தில் பெரும்போகம் விதைத்து, பசளைக்கும் கிருமிநாசினிக்கும் கடன்பட்டு, கையில் இருந்ததெல்லாம் வயலுக்குள் இறங்கியிருக்கும். அது திரும்பி வர மாசி, பங்குனி ஆகவேணும். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்களுக்கு வெள்ளைக்காரர் வருகிற சீசன் எப்போதோ முடிந்துவிட்டது. கடல், வயல், ஹோட்டல் மூன்றும் ஒரே நேரத்தில் வற்றுகிற மாதத்தில், தைக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கவேண்டிய வீட்டிடம் போய், "ஆயிரம் ரூபாதானே" என்கிறோம். மாதச் சம்பளக்காரருக்குத்தான் அது "தானே". நானும் மாதச் சம்பளக்காரிதான், அதனால் இது எனக்கும் சேர்த்துத்தான்.

போன வருசம் நடந்ததைச் சொல்கிறேன். மகன் அப்போது மூன்றாம் தரம். இதே மாதிரிச் சேர்த்தார்கள், கொடுத்தேன். பிள்ளைகளின் பெயர் போட்டு ஒரு பெரிய கார்ட் அடிக்கச் சொல்லி என்னிடம் லிஸ்டைத் தந்தார்கள். எண்ணிப் பார்க்கவில்லை, அப்படியே கடையில் கொடுத்து அடித்துக்கொண்டு வந்தேன். முப்பத்தொரு பெயர். வகுப்பில் முப்பத்துநாலு பிள்ளைகள். காசு கட்டாத மூன்று பேரைக் கவனமாகத் தவிர்த்திருந்தார்கள். அதில் ஒருவன் என் மகனுக்குப் பக்கத்தில் இருக்கிறவன், தகப்பன் கடலுக்குப் போகிறவர். ரீச்சருக்குக் கொடுக்கிறதற்கு முதல் பிள்ளைகள் கார்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். அவன் மேலேயிருந்து கீழே விரல் வைத்து வாசித்திருக்கிறான். திரும்ப ஒருக்கா வாசித்திருக்கிறான். பிறகு பென்சிலை எடுத்து மூலையில், பூப் படத்துக்குக் கீழே, தன்னுடைய பெயரைத் தானே எழுதிவிட்டான். அன்றிரவு குரூப்பில் ஒரு அம்மா போட்டிருந்தா: "கார்டைப் பழுதாக்கிப்போட்டான்."

நான் ஒன்றும் பதில் எழுதவில்லை. அந்த லிஸ்டைக் கடைக்குக் கொண்டுபோனது என் கை. அதை இந்த ஒரு வருசமாக நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உண்மையாகவே இது நன்றியா? மகன் இப்போது நாலாம் தரம். அடுத்த வருசம் ஐந்தையும் இதே ரீச்சர்தான் கொண்டுபோவா. அடுத்த வருசம் என்றால் புலமைப்பரிசில் பரீட்சை. குரூப்பில் இருக்கிற பாதிப் பேருடைய மனதில் ஓடுவது இந்த வருசத்து நன்றி இல்லை, அடுத்த வருசத்துப் பயம். "நாங்கள் மட்டும் குடுக்காட்டி பிள்ளையைக் கவனிக்க மாட்டாவோ" என்று ஒரு அம்மா என்னிடம் நேரிலேயே கேட்டா. அந்த ரீச்சரை எனக்குத் தெரியும். அவ அப்படிப்பட்டவ இல்லை. ஒரு நல்ல மனிசியைச் சந்தேகப்பட்டு, அந்தச் சந்தேகத்தைச் சாறியாகச் சுற்றிக் கொடுக்கிறோம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் அரச ஊழியருக்குப் பிரதிபலன் பார்த்துக் கொடுக்கிறதும் குற்றம், அவர் வாங்குகிறதும் குற்றம். அரச பள்ளிக்கூட ரீச்சரும் அரச ஊழியர்தான். ஒரு சாறிக்காக யாரும் பொலிசுக்குப் போகப் போவதில்லை. ஆனால் மனதுக்குள் என்ன பார்த்துக் கொடுக்கிறோம் என்று எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. 2021 ஆடியில் ரீச்சர்மார் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி ஒன்லைன் படிப்பித்தலை நிறுத்தி, மாதக்கணக்காகப் போராடினார்கள். அப்போது இதே ஆட்கள் என்னவெல்லாம் கதைத்தார்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. சம்பளம் கேட்டால் பேராசை, சாறி கொடுத்தால் குருபக்தி!

இனி நான் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன். சின்னவள் இந்த வருசத்தோடு நேசரி முடிக்கிறாள். நேசரியில் மாதக் கட்டணம் 1500. பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர், ஒழுங்காகக் கட்டுவது இருபத்தைந்து பேர் வரும். 37,500 ரூபா. அதில் கரண்ட், தண்ணி, வர்ணப் பேப்பர், பசை, விளக்குமாறு எல்லாம் போக மிஞ்சுகிறதை இரண்டு ரீச்சர்மாருக்கும் ஒரு ஆயாம்மாவுக்கும் பிரித்துப் பாருங்கள். மேலதிகமாக ரீச்சர்மாருக்கு வருகிற சின்னக் கொடுப்பனவும் ஆயாம்மாவுக்கு இல்லை. ஓய்வூதியம் என்ற கதையே அங்கே இல்லை. இலவசக் கல்வி 1945 இல் வந்தது என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். அது ஒன்றாம் தரத்து வாசலில்தான் தொடங்குகிறது.

சின்னவள் முதல் மூன்று கிழமையும் கேற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினவள். விரலை ஒவ்வொன்றாகக் கழற்றவேணும். ரீச்சர் மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பாவா, இவளைப் பார்ப்பாவா? ஆயாம்மாதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு, "மான் வருதா எண்டு பாப்பம் வா" என்று மதிலடிக்குப் போவா. எங்கள் ஊர் றோட்டில் மாடு மாதிரி மான் திரிவது வெளியூர்க்காரருக்குத்தான் அதிசயம், ஆனால் அழுகிற பிள்ளைக்கு அதைவிட மருந்து இல்லை. மான் வராத நாளில், "இப்பதான் போச்சுது, நாளைக்கு வெள்ளன வா" என்பா. மகள் அடுத்த நாள் வெள்ளன வெளிக்கிட்டது அந்தப் பொய்யை நம்பித்தான். சத்தி எடுத்தால் துடைப்பது, கழுசான் மாற்றுவது, சோற்றுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் திரிவது எல்லாம் அவதான்.

போன வருசம் விடுகை விழாவில் நான் பார்த்தேன். மேடையில் தொப்பியும் கவுனும் போட்ட பிள்ளைகள், பிரதம அதிதிக்கு மாலை, பிறகு நினைவுச் சின்னம், ரீச்சர்மாருக்குச் சாறி. ஆயாம்மா பின் கதவடியில் மொப்போடு நின்றவ, ஏனென்றால் ஒரு பிள்ளை மேடையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. எல்லாம் முடிந்த பிறகு யாரோ ஞாபகம் வந்து ஒரு துண்டுக் கேக்கை ரிசுவில் சுற்றிக் கொடுத்தார்கள். அவ அதைத் தின்னவில்லை, பேர்சுக்குள் வைத்தா. வீட்டில் பேரப்பிள்ளை இருக்கிறது.

மகன் நேசரியில் இருந்த காலத்தையும் சொல்லவேணும். 2020 பங்குனியில் கொரோனாவுக்கு எல்லாம் மூடியபோது அரச பள்ளிக்கூட ரீச்சர்மாருக்குச் சம்பளம் வந்தது, வரத்தான் வேணும். நேசரிக்குக் கட்டணம் நின்றது. நாங்களும் நாலு மாதம் கட்டவில்லை. திறக்கவில்லைத்தானே என்று நியாயம் கதைத்தோம். ஊரடங்கு தளர்ந்த ஒரு பின்னேரம் கடையில் இடியப்பம் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், பின் கதவால் அடுத்த தட்டைக் கொண்டுவந்து வைத்தது மகனுடைய நேசரி ரீச்சர். என்னைக் கண்டதும் மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டா. எனக்கும் கதைக்க வாய் வரவில்லை. இந்த வருசம் அவவிடம் நேரே போய்க் கேட்டேன், அக்கா, உங்களுக்கு என்ன தந்தால் நல்லம் என்று. சிரித்துவிட்டுச் சொன்னா: "கரண்ட் பில்லுக்கு மணிக்கூடு எடுக்க மாட்டினம் தங்கச்சி."

காசாகக் கொடுத்தால் கூலி மாதிரி இருக்கும், மரியாதையில்லை என்பார்கள். யார் சொன்னது? சித்திரை வருசத்துக்குப் பெரியவர்கள் வெற்றிலையில் வைத்துக் கைவிசேஷம் தருவது காசுதான். ஏடு தொடக்கின ஐயாவுக்குத் தட்சணையும் காசுதான். ஓதிக் கொடுக்கிற மௌலவிக்குக் கொடுக்கிற ஹதியாவும் காசுதான் என்று கிண்ணியாவில் இருக்கிற என் கூட்டாளி சொல்கிறாள். ஐயரிலும் மௌலவியிலும் இல்லாத மரியாதைக் குறைவு நேசரி ரீச்சரில் மட்டும் எங்கேயிருந்து வருகிறது? வெற்றிலையில் வைத்து, ஒரு ரூபா குத்தியும் சேர்த்து, இரண்டு கையாலும் கொடுங்கோ. மேடை வேண்டாம், படம் எடுத்து இங்கே போடவும் வேண்டாம்.

மகனுடைய ரீச்சருக்கு அவன் கடிதம் எழுதுகிறான். "எனக்கு பிரித்தல் விளங்கப்படுத்தினதுக்கு நன்றி" என்று தொடங்கி மூன்று வரியில் நிற்கிறது, நான் திருத்தப் போவதில்லை. அம்மாவிடம் இன்றைக்கு மிஞ்சியிருப்பதும் அப்படி ஒன்றுதான். பாதையில் அவ குடை பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு பிள்ளை கீறின படம், குடை பாதையைவிடப் பெரிசு. அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறா.

சாறிக்கு என் ஆயிரத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்று குரூப்பிலும் எழுதிவிட்டேன். இரண்டு பேர் தனியாக மெசேஜ் போட்டார்கள், தங்களுக்கும் கஷ்டம்தான், சொல்ல வெட்கப்பட்டோம் என்று. அட்மின் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, வாசித்ததற்கு நீலச் சரி மட்டும் விழுந்திருக்கிறது.

சின்னவளின் விடுகை விழா வருகிற சனிக்கிழமை. நேசரிப் பெற்றோர் யாராவது இதை வாசித்தால்: மூன்று என்வலப் வாங்கி வைத்திருக்கிறேன், மூன்றிலும் ஒரே தொகை, ஆயாம்மாவுக்கும் அதேதான். விரும்பினவர்கள் விரும்பினதை வெள்ளி பின்னேரத்துக்கு முதல் என்னிடம் தரலாம், யார் எவ்வளவு என்று நான் எழுதி வைக்க மாட்டேன். பிள்ளைகளின் பெயர் போட்ட கார்ட் ஒன்றும் இருக்கும். இந்த முறை லிஸ்ட் வரவுப் புத்தகத்திலிருந்து எடுத்தது. முப்பத்தெட்டுப் பெயர். மூன்று தரம் எண்ணிவிட்டேன்.