வைரஸ் கலக்க லேப்தான் வேண்டுமாம்!

எல்லோரும் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் அந்தக் கொசு வீடியோ பற்றித்தான். “கொசு பரப்புற ரெண்டு வைரஸ் தானா ஒண்ணாச் சேருமா? எவனோ லேப்ல சேர்த்துவிட்டிருக்கான்” என்கிறாரே, அதே அண்ணன்.

சேரும் அண்ணே. தானாகவே சேரும்.

வட அமெரிக்காவில் குதிரைகளுக்கு மூளைக்காய்ச்சல் தரும் ஒரு கொசு வைரஸ் உண்டு, மேற்கத்திய குதிரை மூளைக்காய்ச்சல் வைரஸ் என்று பெயர். 1930-ல் கலிஃபோர்னியாவில் குதிரை மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1988-ல் அதன் மரபணு வரிசையைப் பார்த்தால், ஒரு பகுதி கிழக்கத்திய குதிரை மூளைக்காய்ச்சல் வைரஸின் சாயல். வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான பகுதியோ சிந்த்பிஸ் என்ற வேறொரு கொசு வைரஸின் சாயல். கலப்பு! டிஎன்ஏவின் வடிவமே 1953-ல்தான் தெரிந்தது. 1930-லேயே குதிரைக்குள் இருந்த வைரஸை எந்த லேப்காரன் கலந்தான்?

அது ஒன்றுதானே என்பீர்கள். 1997-98-ல் கென்யாவிலும் சோமாலியாவிலும் பெருமழைக்குப் பின் ரத்தக்கசிவுக் காய்ச்சல் வந்தது. ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலோடு சேர்ந்து, ங்காரி என்ற இன்னொரு வைரஸும் நோயாளிகளிடம் இருந்தது. இந்த வகை வைரஸின் மரபணு மூன்று துண்டாக இருக்கும். இரண்டு வைரஸ் ஒரே செல்லுக்குள் போனால், கல்யாண வீட்டு வாசலில் செருப்பு மாறுகிற மாதிரி துண்டு மாறிப்போகும். ங்காரியில் இரண்டு துண்டு பன்யம்வேரா வைரஸுடையது, நடுத்துண்டு பட்டாய் வைரஸுடையது. அந்தப் பட்டாயின் உறவுக்காரன் சித்தூர் வைரஸ், 1957-லேயே நம் பக்கத்துச் சித்தூர் மாவட்டக் கொசுவில் கிடைத்தவன். அங்கே அப்போது எந்த ரகசிய லேப் இருந்தது, சொல்லுங்கள்.

“அப்போ லேபில் கலக்கவே மாட்டார்களா மேடம்?” கலப்பார்கள். பூச்சிகளுக்குள் மட்டுமே பெருகும் ஈலாட் வைரஸோடு சிக்குன்குனியாவின் புரதங்களைச் சேர்த்துத் தடுப்பூசிக்கு முயன்றார்கள். ஒளித்துவைக்கவில்லை, ஆய்வுக்கட்டுரையாகவே போட்டார்கள். “டெங்குவைத் தடுக்கப் புதுச்சேரி ஆய்வு மையத்தில் உருவாக்கிய கொசு?” அதில் இருப்பது வோல்பாக்கியா, பாக்டீரியா. வைரஸே இல்லை. அடுத்த கேள்வி.

இதையெல்லாம் பொறுமையாக எழுதினால் கீழே ஒரு கமெண்ட்: “கம்பெனிக்காரன் எவ்வளவு கொடுத்தான்?” முன்பின் தெரியாதவர் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். எழுதியது என்னிடம் விலங்கியல் படித்த பையன். ரெக்கார்டு நோட்டில் ஏடிஸ் கொசுவின் காலுக்கு வெள்ளை வளையம் போட மறந்து, என் மேஜை பக்கத்திலேயே நின்று வரைந்துவிட்டுப் போனவன். வீடியோ அண்ணனைவிட இவன்தான் வலிக்கிறான்.

கம்பெனி எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை தம்பி. கல்லூரி கொடுக்க வேண்டிய சம்பளமே மாசக் கடைசியில்தான் வரும். படித்ததைச் சொன்னால் கைக்கூலி, கண்ணை உருட்டிச் சொன்னால் விஞ்ஞானி. நல்லா இருக்கு.

அப்புறம் அந்த வீடியோவை மறுபடி ஒருமுறை பாருங்கள். அண்ணனின் இடது தோளுக்குப் பின்னால் நீல டிரம் ஒன்று, மூடியில்லாமல், விளிம்புவரை தண்ணீரோடு நிற்கிறது. லேபைத் தேடுகிறவர் அதை முதலில் கவிழ்க்கட்டும்.