அவனுக்காகக் காத்திருந்த 19 பேர்

காவடிக்கு மூன்று வாரம் முன்பு, ஒரு புதன்கிழமை இரவு பதினொன்றேகால் மணிக்கு என் தங்கையிடமிருந்து போன். "அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போ. இவனைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு." மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே நான்கு சந்துதான். போய்ப் பார்த்தால் பதினாறு வயதுப் பையன் கூடத்துத் தரையில் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருக்கிறான். தங்கை வைஃபை பெட்டியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டு, அந்தப் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி நாற்காலியில் இருக்கிறாள். அவளும் அழுதிருந்தாள்.

"தாந்தின், அங்கே 19 பேர் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. நான் போகலைன்னா யாராலயும் தொடங்க முடியாது" என்றான். அங்கே என்றால், பல பேர் இணையத்தில் சேர்ந்து டிராகனோடு சண்டை போடும் ஒரு விளையாட்டில். (எங்கள் வீடுகளில் பேச்சு கிரியோலில்தான். தமிழில் எழுத வேண்டி மாற்றியிருக்கிறேன். தாந்தின் என்பதை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாருக்கும் இங்கே அந்த ஒரு சொல்தான்.)

மறுநாள் சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் ஆளாளுக்கு யோசனை. கம்ப்யூட்டரை விற்றுவிடு என்றார் ஒருவர். பொம்மைச் சண்டைக்கு இப்படி ஓர் அழுகையா என்றார் இன்னொருவர். இல்லாத உலகத்துக்காக இருக்கிற வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்கிறான் என்று ஒரு மாமா. அங்கே என்னால் பதில் எழுத முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அந்த 19 பேரும் இருக்கிறார்கள். பாரிஸில், லியோனில், பிரஸ்ஸல்ஸில், நமக்குப் பக்கத்து ரியூனியனில், ரத்தமும் சதையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். டிராகன் மட்டும்தான் பொய்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், 2007 முதல் 2010 வரை நானும் அப்படி ஒரு உலகத்தில் இருந்தேன். பகலில் ஆரம்பப் பள்ளியில் தமிழ் டீச்சர். இரவில் ஐரோப்பாவிலுள்ள ஒரு பிரெஞ்சு சர்வரில் 25 பேர் கொண்ட கூட்டத்துக்கு ஹீலர், அதாவது அடிபடுகிறவர்களுக்கு உயிர் ஏற்றுகிறவள். ஐரோப்பாவில் குளிர்காலம் என்றால் அவர்களுக்கு இரவு எட்டு மணி நமக்குப் பதினொன்று. ரெய்டு, அதாவது கூட்டமாகச் சேர்ந்து போடும் பெரிய சண்டை, தொடங்கினால் முடிய இரண்டு ஆகும். காலை ஆறரைக்கு நான் பஸ் நிறுத்தத்தில் நிற்பேன்.

அப்போது மொரிஷியஸிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கடலடிக் கம்பி தென்னாப்பிரிக்கா போய், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோடு ஏறி, போர்ச்சுகலில் கரை சேர்ந்தது. நான் இங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தக் கட்டளை நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் போய்ச் சேரும். கால் நொடிக்கு மேல் தாமதம். அந்தச் சண்டைகளில் கால் நொடியில் ஆள் செத்துவிடுவார். ஆகவே அடி விழுந்த பிறகு வைத்தியம் பார்க்க எனக்கு வழியில்லை. டிராகன் மூச்சை இழுப்பதைப் பார்த்தே யார்மேல் அடி விழும் என்று ஊகித்து முன்கூட்டியே தொடங்க வேண்டும். அதை நான் கற்றுக்கொண்டேன். ஹெட்செட்டில் ஒரு குரல், "மொரிஷியஸ்காரி இருக்கிறாளா? சரி, அப்படியானால் போகலாம்" என்று சொல்லும். என் வாழ்க்கையில் அதுவரை யாரும் எதற்கும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

ஒரு தடவை புயல். எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்குப் போய், மின்சாரம் நான்கு நாள் இல்லை. திரும்பி வந்து திறந்தால் 17 செய்திகள். கூரை இருக்கிறதா, அப்பா எப்படி, சாப்பாடு இருக்கிறதா. லில் நகரத்து நர்ஸ் ஒருத்தி வானிலைப் படத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு இரவு தூங்கவில்லையாம். பொம்மைச் சண்டை என்று சொன்னவருக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன்.

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஓர் இளைஞர் இருந்தார். தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் நோய். 2014-இல், 25 வயதில் இறந்தார். மகன் தனியாகவே வாழ்ந்து போய்விட்டான் என்றுதான் பெற்றோர் நினைத்திருந்தார்கள். மரணச் செய்தியை அவருடைய வலைப்பதிவில் போட்டதும் பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. இதே மாதிரி ஓர் இணைய விளையாட்டில் அவரோடு ஆடியவர்களில் சிலர் இறுதிச் சடங்குக்கே வந்து நின்றார்கள்.

நம் பிள்ளைகளுக்கு அந்த இழுப்பு ஏன் இவ்வளவு பலமாக இருக்கிறது? நான் படித்த காலத்தில் பதினொரு வயதிலேயே, ஆரம்பப் பள்ளி முடிவில், சிபிஇ பரீட்சை, தீவு முழுவதுக்கும் ராங்க். இன்று அந்தப் பரீட்சை இல்லை, பெயரும் முறையும் மாறிவிட்டன. ஆனால் டியூஷன் அப்படியே இருக்கிறது. பள்ளி விட்டால் டியூஷன், சனிக்கிழமை டியூஷன், பள்ளிக் கடைசிப் பரீட்சையான எச்எஸ்சி முடிந்தால், லோரேயா பட்டியலில், அதாவது அரசு உதவித்தொகை பெறுகிறவர்களின் பட்டியலில், யார் பெயர். என் தங்கை மகன் உட்காரும் அறையில் முப்பது பிள்ளைகள் இருந்தால், அவனுக்கு ஒரு கணக்கு புரிவதால் மற்ற 29 பேருக்கும் லாபமில்லை. அவன் முன்னேறினால் இன்னொருவன் பின்னால் போகிறான். பதினாறு வயது வரை அவனுடைய திறமையால் நன்மை அடைந்தவர் என்று ஒருவரையும் அவன் கண்ணால் பார்த்ததில்லை.

விளையாட்டில் அவன் டாங்க். கூட்டத்துக்கு முன்னால் போய் நின்று, எல்லா அடியையும் தன்மேல் வாங்கிக்கொள்கிறவன். அவன் சரியாக நின்றால் 19 பேர் பிழைக்கிறார்கள், ஓரடி தவறினால் 19 பேரும் விழுகிறார்கள். வீட்டில் தட்டைக்கூடக் கழுவாத பையனிடம் முப்பது வயது ஆட்கள் "நீ சொல்லு, எங்கே நிற்கட்டும்" என்று கேட்கிறார்கள். அதைவிட்டு அவன் ஏன் எழுந்து வருவான்?

காவடிக் காலத்தில் இதே பையனைப் பாருங்கள். பத்து நாள் விரதம், ஒரு சொல் மறுப்பில்லை. காவடியன்று விடியற்காலை மூன்றரைக்கு யாரும் எழுப்பாமல் எழுந்து, குளித்து, காவடிக்குப் பச்சை இலை கட்டப் போய்விடுகிறான். கோர் தெ கார்த் மலைக்கோயிலுக்கு ஏறும்போது வயதான ஒருவருக்குக் கால் நடுங்க, அவருடைய காவடிக்கு அவன் தோள் கொடுத்து நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பையனும் புதன்கிழமை இரவு அழுத பையனும் ஒருவன்தான். காவடி வருஷத்துக்கு ஒரு முறை வருகிறது, ரெய்டு வாரத்துக்கு இரண்டு முறை.

படம், ஒலி, மாயாஜாலம் எல்லாம் பிறகு வந்தவை. 1978-இல் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் பல பேர் சேர்ந்து ஆடும் முதல் மாய உலகங்களில் ஒன்றை எழுதியபோது திரையில் ஒரு படம்கூடக் கிடையாது, வெறும் எழுத்துகள். வெளியாட்களுக்குப் பின்னிரவு நேரத்தில்தான் அனுமதி. அதற்கும் விழித்திருந்து வந்தார்கள். இந்த விளையாட்டுகளுக்கு வருகிறவர்களைப் பார்ட்டில் 1996-இல் நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருகிறவர்கள், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், பிறரோடு பழக வருகிறவர்கள், பிறரை வீழ்த்த வருகிறவர்கள். நான் சந்தேகமில்லாமல் மூன்றாம் வகை. என் தங்கை மகன் முதல் வகையாக நுழைந்து மூன்றாம் வகையாக மாட்டிக்கொண்டவன்.

மாட்டிக்கொண்டவன் என்று தெரிந்துதான் எழுதினேன். அந்த நட்பு உண்மை. ஆனால் அது எந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது என்பதை நண்பர்கள் தீர்மானிப்பதில்லை. ஐரோப்பிய சர்வர்கள் பலவற்றில் புதன்கிழமை எல்லாம் புதிதாகத் தொடங்கும். போன வாரம் கொன்ற டிராகன் உயிரோடு எழுந்து நிற்கும். இந்த வாரத்துப் பரிசை இந்த வாரமே எடுக்க வேண்டும், விட்டால் போயிற்று. தினமும் செய்ய வேண்டிய சின்னச் சின்ன வேலைகள் தனி. பரிசும் உறுதியில்லை. நூற்றில் ஒரு வாய்ப்பு என்றால் நூறு தடவை போனால் கிடைத்துவிடும் என்று மனம் நம்பும். கணக்குப் போட்டுப் பாருங்கள், நூறு தடவை போனவர்களிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் வெறுங்கையோடுதான் இருப்பார்கள். அவர்கள் நூற்றோராவது தடவை போவார்கள்.

இதே வகை விளையாட்டான எவர்குவெஸ்ட் 1999-இல் வந்தபோது அதை ஆடியவர்களே போதைப்பொருளின் பெயரை ஒட்டி அதற்கு எவர்கிராக் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 2004-இல் வெளியாகி, 2010-இல் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்களைத் தொட்ட வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் கதை இன்னும் நுட்பமானது. சோதனைக் காலத்தில், ஒருவர் நெடுநேரம் ஆடினால் அவருக்குக் கிடைக்கும் புள்ளிகள் பாதியாகும் என்று வைத்தார்கள். போய் ஓய்வெடு என்று சொல்வதுதான் நோக்கம். ஆடியவர்கள் கொதித்தார்கள். உடனே கணக்கைத் தொடாமல் பெயரை மாற்றினார்கள். பாதியை நூறு சதவீதம் என்றும், முழுசை ஓய்வெடுத்தவருக்கான இருநூறு சதவீத வெகுமதி என்றும் சொன்னார்கள். அதே எண்கள்தான், எல்லாருக்கும் சந்தோஷம். நம் மனத்தை இவ்வளவு துல்லியமாகப் படித்தவர்கள் செய்த பொருளை, பதினாறு வயதுப் பையன் மன உறுதியால் வெல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? ஒருவனுக்கு இன்னொருவன் தேவைப்படுவது மனிதர்களிடம் இருக்கிற மிக நல்ல விஷயம். அதை எடுத்து வாரக் கெடு வைத்து விற்பதுதான் என் கோபம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2009, ஜூலை மாதக் குளிர். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. பக்கத்து அறையிலிருந்து தண்ணீர் கேட்டார். "ரெண்டு நிமிஷம், அப்பா" என்றேன். சண்டை நடுவில் ஹீலர் எழுந்தால் 25 பேரும் விழுவார்கள். சண்டை முடிந்தது, அடுத்தது தொடங்கியது. நாற்பது நிமிஷம் கழித்துப் போனேன். படுக்கை காலி. சமையலறை இருட்டில், காலியான டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறார். "முடிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த இரவே நான் விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. அதற்குப் பிறகும் ஏழு மாதம் ஆடினேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறும் இருக்கிறது. கட்டுப்பாடு போவது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதுவே ஆவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக 12 மாதம் நீடித்தால்தான் அந்தப் பெயர். ஒரு புதன்கிழமை அழுகைக்கு அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள். தென்கொரியா 2011-இல் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு நள்ளிரவு முதல் ஆறு மணி வரை ஆட்டத்தைப் பூட்டியது. பத்து வருஷம் பார்த்துவிட்டு அந்தச் சட்டத்தைக் கைவிட்டார்கள்.

அன்றிரவு தங்கையிடம் பெட்டியை வாங்கித் திரும்ப மாட்டினேன். அவளுக்கு என்மேல் கோபம், இன்னும் முழுசாகத் தணியவில்லை. பையன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "உன் ஹீலர் யாரு?" என்று கேட்டேன். திரும்பி என்னைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அவனிடம் கேட்காத கேள்வி. ஒன்றரை மணி வரை பேசினோம்.

ஸ்கூல் சர்டிஃபிகேட் (எஸ்சி) பரீட்சை வருஷம் என்பதால் வெள்ளி மட்டும், புதன் கிடையாது என்று முடிவு. அதை அவனே கூட்டத் தலைவரிடம் சொல்ல வேண்டும் என்றேன், தங்கை சொல்லக் கூடாது, நானும் கூடாது. மூன்று முறை எழுதி அழித்தான். நாலாவது முறை அனுப்பினான். தனக்கும் அந்த வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்று பதில் வந்தது. பரீட்சைதான் முதலில், வெள்ளிக்கிழமை இடம் உன்னுடையதே என்றிருந்தார்.

அடுத்த வியாழன் காலை பள்ளிக்குப் போகும் வழியில் என் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றபடியே போனை நீட்டினான். செத்துக் கிடந்த டிராகனைச் சுற்றி 20 பேர், அவன் நிற்க வேண்டிய இடத்தில் வேறொருவர். ஏழு வாரமாக அவர்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தது அந்த டிராகனோடுதான்.

"நான் இல்லாமலேயே ஜெயிச்சுட்டாங்க, தாந்தின்."

என்னிடம் ஆறுதல் ஏதுமில்லை. நான் விலகி ஒரு மாதம் கழித்து, 2010-இல், எனக்கும் அப்படி ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். பழைய கம்ப்யூட்டரைத் திறந்து அதைக் காட்டினேன். யார் யார் என்று கேட்டான். லில் நகரத்து நர்ஸிலிருந்து தொடங்கினேன். எல்லாரையும் சொல்லி முடிப்பதற்குள் அவனுடைய பஸ் போய்விட்டது.