கண்டாலியும் காஞ்சொறியும் ஒன்றல்ல

இமயமலைக் கண்டாலியும் நம்ம ஊர்க் காஞ்சொறியும் ஒரே செடி, இலையைப் பச்சையாக அரைத்துக் குடித்தால் மூட்டுவலியும் சர்க்கரை நோயும் தீரும் என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் அதை நம்பிக் குடித்துவிட வேண்டாம்.

இரண்டும் தொட்டால் அரிக்கும், அவ்வளவுதான் ஒற்றுமை. காஞ்சொறி ஆமணக்குக் குடும்பம். அதன் சுணையில் கால்சியம் ஆக்சலேட் ஊசி இருக்கிறது. கண்டாலி வேறு குடும்பம். அதன் முள் கண்ணாடிக் குழாய் போல முனை உடைந்து, ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் போன்ற அரிப்பும் எரிச்சலும் தரும் வேதிப்பொருள்களைத் தோலுக்குள் செலுத்தும்.

உத்தரகண்டின் கட்வால் மலைப்பகுதி மக்கள் கண்டாலியைச் சாப்பிடுவது உண்மை. ஆனால் பச்சையாக இல்லை. பூப்பதற்கு முன் இளங்கொழுந்தை மட்டும் இடுக்கியால் கிள்ளி, நன்றாக வேகவைத்துக் கடைவார்கள். வெந்தால் கொட்டாது. நேபாளத்தில் இதுவே சிஸ்னு. இரும்பு, கால்சியம் நிறைந்த அருமையான கீரை!

மூட்டுவலிக்கு வெளிப்பூச்சாக, இலையைத் தோலில் படவைக்கும் பழக்கம் ஐரோப்பாவிலும் உண்டு. 2000-இல் இங்கிலாந்தில் 27 பேரிடம் நடந்த சிறிய சோதனையில் கட்டைவிரல் மூட்டுவலி குறைந்தது. குறைந்தது என்றுதான் சொன்னார்கள், குணமானது என்று சொல்லவில்லை. சர்க்கரைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கச் சொல்வது ஆபத்து.

அப்புறம், கண்டாலியில் வைட்டமின் கே அதிகம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் கீரையாகச் சாப்பிடுவதற்கு முன்பும் மருத்துவரிடம் கேளுங்கள்.