கதையை மட்டும் பதிந்தால் பாதிதான்

முல்லைத்தீவு வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலின் கதைக்கு 'மூல வடிவம்' ஒன்றைத் தேட வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அது பழைய வழி. பிரெஞ்சு மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் 1955-இலேயே மறுத்தது இதைத்தான்: ஒரு தொன்மத்தின் எல்லா வடிவங்களும் சேர்ந்ததே அந்தத் தொன்மம்.

நந்திக்கடலோரம் மாடு மேய்த்த பெடியளிடம் கிழவி வடிவில் வந்த கண்ணகி கடல்நீரில் விளக்கேற்றச் சொல்கிறாள். அவளுக்குப் பேன் பார்த்தவன் அவள் தலை நிறையக் கண்களைக் காண்கிறான். ஒரு வடிவத்தில் விளக்கு முதன்மை, இன்னொன்றில் கண்கள். அந்த மாற்றத்தையே குறிக்க வேண்டும், 'பிழை' என்று வெட்டக்கூடாது. வைகாசிப் பொங்கலுக்கு இன்றும் கடல்நீரில்தான் விளக்கு எரிகிறது. ஆகவே சடங்கை விட்டுக் கதையை மட்டும் ஒலிப்பதிவு செய்து பயனில்லை.

களத்தில் பெரிய சிக்கல் 'ஏன் செய்கிறீர்கள்?' என்ற கேள்வி. பள்ளிக்கூடச் சைவசமயப் பாடம்தான் பதிலாக வரும். அதற்குப் பதிலாக, அரிசியை ஆர் அளக்கினம், அடுப்பை ஆர் மூட்டினம், பானை எந்தப் பக்கம் பொங்கி வழிந்தால் நல்லது, முதல் படையல் ஆருக்கு என்று கேளுங்கள். ஊரின் சாதி, குடி ஒழுங்கு அதிலேயே வெளிவரும்.

இன்னொன்று: யாழ்ப்பாணக் குடாநாட்டில் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் (1822–1879) கண்ணகி வழிபாட்டைக் கண்டித்த பின், பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. பெயர்ப்பலகையை நம்பிப் பட்டியல் போட்டால் கணக்குப் பிழைக்கும். கண்ணகியின் சினம் தணிக்கும் குளிர்த்திச் சடங்கு நடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.