சூடாகும்வரை காசை எடுக்காதீர்கள்

பழைய டியூப் (வால்வு) பேஸ் ஆம்ப், அதாவது பேஸ் கித்தாருக்கான ஒலிபெருக்கி, வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். நன்றாகச் சூடேறிய பிறகு உங்கள் சொந்த பேஸ் கித்தாரை மாட்டி வாசித்துப் பாருங்கள். அதுவரை காசு பையிலேயே இருக்கட்டும். பத்து நிமிடத்தில் முடிவு சொல்லச் சொல்கிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

ஐந்து வருடத்துக்கு முன் நான் அப்படித்தான் வாங்கினேன். கோலாலம்பூரில் ஒரு வீட்டின் சாமான் அறை. விற்றவர் அவசரத்தில் இருந்தார். எனக்கும் ராத்திரிக்குள் பினாங்கு திரும்ப வேண்டியிருந்தது. தட்டிவிட்டோம், சத்தம் வந்தது, நன்றாகவும் இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு கோயில் திருவிழா மேடை. மூன்றாவது பாட்டில் ஒரு பவர் டியூபின் உள்தகடு அடுப்புக்கரி மாதிரி சிவந்து ஃபியூஸ் போனது. மீதி நிகழ்ச்சி முழுக்க பேஸ் இல்லை. பாடகர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது இன்னும் மனதில் இருக்கிறது. திறந்து பார்த்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போயிருந்தது. காரணம் ஒரு சின்ன கப்ளிங் கப்பாசிட்டர், இசையின் சிக்னலை மட்டும் விட்டு நேர்மின்னோட்டத்தைத் தடுக்கிற பாகம். ஆறியிருக்கும்போது ஒழுங்காக இருக்கும். சூடேறினால் மின்சாரத்தைக் கசியவிடும். டியூப் கட்டுமீறி ஓடும். பத்து நிமிடச் சோதனையில் அது எப்படித் தெரியும்?

போன மாதம் பட்டர்வொர்த்தில் ஒரு ஃபெண்டர் பேஸ்மேன் 100 விற்பனைக்கு வந்தது. 1951இல் ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸ் கித்தார் வெளிவந்து, மறு வருடமே அதற்குத் துணையாக வந்த ஆம்பின் பெயர் பேஸ்மேன். அதில் ஐம்பதுகளின் கடைசியில் வந்த ஒரு மாடலின் சர்க்யூட்டைப் பார்த்துத்தான் மார்ஷல் கம்பெனி தன் முதல் ஆம்பைச் செய்தது. நான் பார்க்கப் போனது அதற்குப் பிந்திய எழுபதுகளின் ஆம்ப். நான்கு 6எல்6 டியூப், 100 வாட்.

விற்றவர் ஒரு காலத்தில் ஹோட்டல் பேண்டில் வாசித்தவர். அல்லிகேட்ஸ் என்ற மலேசிய பாப் குழுவின் ஆறுமுகம் சகோதரர்கள் கிளம்பிவந்த பினாங்கு மாநிலம் இது; அந்தத் தலைமுறைக்காரர்கள் வீட்டில் இப்படிச் சாமான் இன்னும் இருக்கிறது. நான் என் பேஸையும் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். இந்த ஆம்ப் கேட்பது 4 ஓம். இரண்டையும் பேரலலாகப் போட்டால் சரியாக அது வரும். பெட்டி மாட்டாமல் டியூப் ஆம்பை ஓட்டவே கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

ஒரு மணி நேரம் ஓடட்டுமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர் சொன்னார்: "அப்படித்தான் தம்பி பாக்கணும். வால்வு சூடாகட்டும். நீ வந்து முதல்ல சாப்பிடு."

தோசை சாப்பிட்டுவிட்டு வந்து, வால்யூமைக் குறைத்து, பேஸைக் கழற்றிவிட்டு, வெறும் இரைச்சலை மட்டும் கேட்டேன். பேஸ் வாசிக்கிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு, நம் காதே மீட்டர். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியில் மூன்றாவது கட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். ரீங்காரம் அதற்குப் பக்கத்தில் இருந்தால் எர்த், வயரிங், டியூபைச் சூடேற்றும் ஹீட்டர் பக்கம் சந்தேகப்படுங்கள். திறந்த ஜி கம்பி 98. ரீங்காரம் அதற்கு ஒரு துளி மேலே, 50இன் இரட்டிப்பான 100இல் நின்றால், பவர் சப்ளையின் ஃபில்டர் கப்பாசிட்டர் காய்ந்துவருகிறது என்று பொருள். அங்கே எனக்குக் கேட்டது இரண்டாவது. லேசாகத்தான், ஆனால் தெளிவாக. "அங்கிள், கப்பாசிட்டர் மாத்தணும்" என்றேன். "தெரியும்பா, நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சுல்ல" என்று உடனே ஒத்துக்கொண்டார். 3,500 வெள்ளி (ரிங்கிட்) சொன்னவர் 3,100க்கு வந்தார்.

பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் பின்பக்கம் பார்த்தோம். கண்ணாடியின் உள்சுவரில் நீலம் படர்ந்து, அடிக்கிற ஸ்வரத்துக்கு ஏற்றபடி அசைந்தது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நல்ல டியூபிலும் அது வரும். தகடு சிவந்தால்தான் உடனே அணைக்க வேண்டும். டியூபின் உள்ளே வெள்ளிப் பூச்சாகத் தெரியும் இடம் பால் மாதிரி வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த டியூப் முடிந்தது. சின்ன டியூப்களைப் பென்சில் முனையால் மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்று மட்டும் ஸ்பீக்கரில் மணி மாதிரி ஒலித்தது. அதை மாற்றுவது பெரிய செலவில்லை.

மின்சாரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இது அமெரிக்காவுக்குச் செய்த 120 வோல்ட் ஆம்ப். இங்கே ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஓடாது. விலை மலிவு என்று எர்த் இல்லாத இரண்டு முனை ஸ்டெப் டவுன் வாங்காதீர்கள். கம்பியில் கையும் மைக்கில் உதடும் வைக்கிற ஆட்கள் நாம். ஸ்டெப் டவுன் வோல்ட்டைத்தான் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. அதனால் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதலாகச் சுடும். கை வைத்துப் பார்க்க ஒரு மணி நேரம் வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆம்பை நீங்களே திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

சத்தம்? திறந்த ஈ கம்பியை அடித்தேன். சமையலறையில் ஆன்ட்டி மூடிவைத்திருந்த சட்டியின் மூடி கிணுகிணுத்தது. மெதுவாகத் தொட்டால் மெதுவாகப் பேசுகிறது. அழுத்தி அடித்தால் உடையாமல் தடித்துக்கொண்டு வருகிறது. எண்பதுகளின் தமிழ்ப் பாட்டில் பேஸ் இரண்டாவது பாடகர் மாதிரி கூடவே நடந்து வருமே, அந்த நடையை வாசித்தேன். அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

கல்யாண மண்டபத்தில் நம் பேஸை நேராக மிக்சருக்கு அனுப்பிவிடுகிறோம். ஆடுகிறவர் காலுக்கு அது போய்ச் சேர்வதே இல்லை. வாசிக்கிற நமக்கும் மானிட்டரில் ஏதோ முணுமுணுப்புதான். இந்த வழக்கத்தை நான் ஏற்கவில்லை. பேஸ்காரருக்கு மேடையில் சொந்தக் குரல் வேண்டும். அதற்காக எல்லாரும் ஆம்பெக் எஸ்விடி என்ற பெரிய டியூப் ஆம்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. 300 வாட், ஸ்பீக்கர் பெட்டி சேராமல் ஹெட் மட்டுமே 35 கிலோவுக்கு மேல். நம் மண்டபங்களுக்கு அது அதிகம். 100 வாட் டியூப் தாராளமாகப் போதும். இரண்டு மூன்று கிலோவில் வரும் புது ஆம்புகளும் நல்லவைதான், நானே ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் அதில் ஏதாவது போனால் பெரும்பாலும் முழு சர்க்யூட் பலகையையும் மாற்ற வேண்டும். பேஸ்மேனில் ஒரு கப்பாசிட்டர் போனால் அந்த ஒரு கப்பாசிட்டர்தான்.

ஜாலான் பசார் கடைத்தெருவில் கப்பாசிட்டர் வாங்கிவந்தேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் மாற்றிக்கொடுத்தார். இப்போது ஜி கம்பிக்குப் பக்கத்தில் அந்த ரீங்காரம் இல்லை.

பினாங்கிலோ பெருநிலப் பக்கமோ யாராவது டியூப் ஆம்ப் பார்க்கப் போனால் உள்பெட்டியில் எழுதுங்கள். என் இரண்டு பெட்டிகளோடு நானும் வருகிறேன். விற்கிறவர்களிடம் ஒரே வேண்டுகோள், அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள்.