முடிஞ்சு போன கேஸ் என்று யார் சொன்னது?

போன வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி அக்காவைத் தேடி வந்தாள். கையில் நாலாக மடித்த காகிதம். அவளுக்கே தெரியாமல் அவளுக்கு விவாகரத்து ஆகியிருக்கிறது. கூட வந்த பெரியவர், "முடிஞ்சு போன கேஸுங் அம்மிணி, இனி எதுக்குக் கிளறணும்?" என்றார். ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாமா சொன்னதும் இதே வார்த்தைதான். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நாங்கள் கொழிஞ்சாம்பாறை, கேரளாவில் பாலக்காடு மாவட்டத்து எல்லையோர ஊர். அக்காவைக் கட்டிக் கொடுத்தது கோயம்புத்தூர்ப் பக்கம். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்தவளை அழைத்துப் போக யாரும் வரவில்லை. இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று மூன்று வருஷம் ஓடிப்போனது. அப்புறம் சொந்தக்காரர் ஒருவர் போனில், "மாப்பிள்ளைக்கு வேற இடத்துல பொண்ணு பாக்கறாங்களே, தெரியாதா?" என்று கேட்டபோதுதான் விஷயமே வெளியே வந்தது. தீர்ப்பாகி அப்போதே நாலு மாதம்.

கேஸ் கட்டை நகல் எடுத்துப் பார்த்தோம். மனைவி தன் இஷ்டத்துக்கு வீட்டை விட்டுப் போய்விட்டார், இருக்குமிடம் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். சம்மன் போனது அவர்கள் முன்பு குடியிருந்த வாடகை வீட்டுக்கு. கதவு பூட்டிக் கிடக்கிறது என்று திரும்பியிருக்கிறது. அடுத்து கோயம்புத்தூர்ப் பதிப்பில் ஒரு பத்திரிகை விளம்பரம். வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாங்கள் அதை எங்கே பார்ப்பது? அக்கா ஆஜராகவில்லை என்று எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு.

நாங்கள் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தபோது அம்மா உள்ளே போய், அரிசி டின்னுக்கு அடியிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து வந்தார். குழந்தையின் இரண்டாவது பிறந்தநாளுக்கு மாப்பிள்ளை கூரியரில் கவுன் அனுப்பிய கவர். அதன்மேல் அவர் கைப்பட எங்கள் வீட்டு விலாசம், பின்கோடு வரைக்கும். ஒட்டியிருந்த சீட்டில் தேதி. கேஸ் போட்டதற்குச் சரியாக மூன்று மாதம் முன்பு! கவுன் சின்னதாகி யாருக்கோ கொடுத்தாயிற்று. கவரை மட்டும் அம்மா எதற்கென்று தெரியாமலே பத்திரமாக வைத்திருந்தார்.

எதிர்த்தரப்பு இல்லாமல் ஆன தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம் என்று சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது, ஆணை 9, விதி 13. கெடு 30 நாள். ஆனால் சம்மன் முறையாக வந்து சேரவில்லை என்றால், தீர்ப்பு நமக்குத் தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாளை எண்ண வேண்டும். அதையும் தாண்டிவிட்டால் ஏன் தாமதம் என்று தனி மனு போட்டு நீதிபதியை நம்ப வைக்க வேண்டும். நாங்கள் இருபதாம் நாள் போட்டோம். வாய்தா மேல் வாய்தா. கடைசியில் அந்தக் கவரால்தான் தீர்ப்பு ரத்தாகி, கேஸ் முதலிலிருந்து நடந்தது.

எல்லைக்காரர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றரை மணி நேர பஸ் தூரம்தான், ஆனால் கேஸைத் தமிழ்நாட்டிலிருந்து பாலக்காட்டுக்கு மாற்ற வேண்டுமென்றால் டெல்லி உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போகணும். இடையில் இருப்பது மாநில எல்லை. அதே சமயம், இந்து திருமணச் சட்டத்தில் வந்த 2003 திருத்தத்துக்குப் பிறகு மனைவி தான் குடியிருக்கும் ஊர் கோர்ட்டிலேயே விவாகரத்து மனு போடலாம். இது முன்பே தெரிந்திருந்தால் நாங்களே முந்தியிருப்போம்.

"இவ்வளவு அலைந்து என்ன கண்டாள், கடைசியில் விவாகரத்துதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், விவாகரத்துதான். அக்கா சேர்ந்து வாழக் கேட்டுப் போகவே இல்லை. ஓடிப்போனவள் என்று எழுதிய காகிதம் அவள் பெயரில் இருக்கக்கூடாது என்று போனாள். நகை திரும்பி வந்தது, குழந்தைக்கு மாதச் செலவு நிச்சயமானது. எனக்கு அந்த முதல் காரணமே போதும்.

எல்லாவற்றையும் இப்படித் திறந்துவிட முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட தீர்ப்பின்மேல் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி அப்பீல் கிடையாது. மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்து என்று நிரூபித்தால் வேறு விஷயம். மனசு மாறிவிட்டது என்பது செல்லாது. ஆனால் ஜீவனாம்சமும் குழந்தை விஷயமும் தீர்ப்போடு முடிவதில்லை. நிலைமை மாறினால் தொகையை மாற்றக் கேட்கலாம். குழந்தை யாரிடம் இருப்பது என்ற உத்தரவும் அப்படித்தான். வக்கீலுக்குப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் போய்க் கேளுங்கள்.

அன்றைக்கு அந்தப் பெரியவரிடம் அக்கா வாதாடவில்லை. காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு அந்தப் பெண்ணிடம், "உனக்கு இது என்னைக்குத் தெரிஞ்சுது கண்ணு?" என்று கேட்டாள்.

"பன்னெண்டு நாளாச்சுங்க்கா."

அக்கா சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள்.